நீல ஒயில்

அடுப்படிக்குப் பின்னால் சாய்ப்பாக இறக்கிய பத்தியில், பலகைத் தட்டின் மேல் அந்தப் போத்தல் நிரம்பியபடி நின்றது. பெரிய தண்ணிப் போத்தல். உள்ளே தேன் நிறத்தில் ஒயில். கழுத்தில் சிவப்பு நூல். கோழிக்குத் தவிடு எடுக்க வந்த நுஸ்ரியா, சட்டியைக் கையில் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது நிரம்பியிருக்கக் கூடாது. நேற்று அஸர் தொழுகை நேரத்திலேயே அது வெறும் போத்தலாகியிருக்க வேண்டும். அதற்குள் இருந்தது இப்போது எஞ்சினுக்குள், எஞ்சின் போட்டில், போட் அவள் புருசன் முபீனோடு கடலில் இருக்க வேண்டும்.

வெறும் போத்தல் கீழே சாக்குக்குப் பக்கத்தில் கிடந்தது. அதன் அடியில் ஒரு சொட்டு நீலம் மிச்சமிருந்தது.

அவள் சத்தம் போடவில்லை. முதலில் வந்த நினைப்பு, இதை யாரும் காணவில்லை என்பதுதான். அதற்குப் பிறகுதான் முபீன் நினைவுக்கு வந்தான். வந்த வரிசை அவளுக்கே பிடிக்கவில்லை. தவிட்டுச் சட்டியைத் தட்டில் வைத்தாள். கோழிகள் காலைச் சுற்றி நின்று கத்தின.

கலியாணம் முடித்துப் புத்தளத்திலிருந்து சிலாவத்துறைக்கு வந்த நாளிலிருந்து, முபீனின் எஞ்சினுக்குச் சாப்பாடு போடுவது நுஸ்ரியாதான். பழையது எட்டுக் குதிரை எஞ்சின். பெற்றோலுக்குள் நீல ஒயிலைக் கலந்து கொடுக்க வேண்டும். கடையில் அதை டூ-ரி என்பார்கள். எஞ்சின் இரண்டையும் சேர்த்துக் குடித்து, இரண்டையும் சேர்த்து எரித்து, புகை விட்டுக்கொண்டு ஓடும். கலக்குவதில் அவளுக்குக் கைப்பழக்கம் வந்துவிட்டது. பெற்றோல் கானைக் குலுக்கி வெளிச்சத்துக்குப் பிடித்தால், நிறத்தைப் பார்த்தே போதுமா போதாதா என்று சொல்லிவிடுவாள். ஒயில் கூடிப்போனால் பிளக்கில் கரி பிடித்து, எஞ்சின் கரையிலேயே இருமிக்கொண்டு நிற்கும். முபீன் திட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவான். அன்றைக்குக் கடல் இல்லை.

புதிய எஞ்சின் போன மாதம் வந்தது. புதியது என்று சொன்னாலும் நீர்கொழும்பில் யாரோ பாவித்ததுதான். பதினைந்து குதிரை, நாலு ஸ்ட்ரோக். அதற்குப் பெற்றோல் தனி, ஒயில் தனி. மோட்டார் சைக்கிளில் போல ஒயில் வயிற்றுக்குள் கிடக்கும். எரியாது. சுற்றிச் சுற்றி ஓடி, இரும்போடு இரும்பு உரசாமல் காக்கும். நேற்று வெள்ளிக்கிழமை, கடலுக்குப் போகாத நாள். முபீன் எஞ்சினைக் கைவண்டிலில் வீட்டுக்குக் கொண்டுவந்து மரக்குற்றியில் பூட்டி, பழைய ஒயிலைக் கறுப்பாக வடித்தான். "நூல் கட்டின போத்தலில இருக்கிறத ஊத்து, குச்சியில கோடு வரைக்கும் வரட்டும்" என்று சொல்லிவிட்டு அஸருக்குப் பள்ளிவாசலுக்குப் போனான்.

அவ்வளவுதான் நடந்தது. அவள் ஊற்றினாள். அவன் வந்து மூடியைத் திருகி இறுக்கினான். ஒயில் அளவு காட்டும் குச்சியை இழுத்துப் பார்க்கவில்லை. நுஸ்ரியா ஊற்றினால் அவன் பார்ப்பதில்லை.

இன்று சுபஹுத் தொழுகைக்குப் பிறகு அவன் தனியே போனான். கூடப் போகிற நிப்ராஸ் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தான்.

அவள் போனை எடுத்து முபீனுக்கு அழைத்தாள். அழைப்புப் போகவேயில்லை. அது புதுமையில்லை, கொஞ்சம் வெளியே போனாலே சிக்னல் விட்டுவிடும், இல்லாவிட்டால் இந்தியாப் பக்கத்துச் சிக்னலைப் பிடித்துக்கொண்டு நிற்கும். என்றாலும் திரும்பத் திரும்ப அழைத்தாள். ஒவ்வொரு முறையும் அதே பெண் குரல் அதே மரியாதையோடு, இணைக்க முடியவில்லை என்றது. அந்த மரியாதை அவளைப் பயமுறுத்தியது.

பிறகு றொஷேலுக்குப் போன் எடுத்தாள். றொஷேல் பக்கத்து ஊரான அரிப்பில் ரோட்டோரம் கடை வைத்திருக்கிறவள். இராமேஸ்வரத்துப் பக்கம் அகதி முகாமில் வளர்ந்து திரும்பி வந்தவள். கயிறு, பிளக், புரொப்பெல்லர் ஆணி, ஒயில் எல்லாம் அவளிடம்தான். முழுக்கான் வாங்கக் காசு போதாதவர்களுக்குத் தண்ணிப் போத்தலில் ஊற்றிக் கொடுப்பாள்.

"ஓம், சொல்லு நுஸ்ரியா. அந்தப் பெட்டிக்குள்ள இல்ல ஐயா, கீழ் பெட்டி, கீழ் பெட்டி. கண்ணாடி போட்டும் உங்களுக்குத் தெரியேல்லையே. ஓம், சொல்லு." கடைக்கு வந்த ஒருவருக்கும் அவள் நடுவில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"றொஷேலக்கா, ஒண்டு கேக்கட்டே. நாலு ஸ்ட்ரோக் எஞ்சினுக்குள்ள, ஒயில் ஊத்திற இடத்தில, டூ-ரிய ஊத்தினா என்ன நடக்கும்?"

றொஷேல் சிரித்தாள். "ஆர் அந்த அறிவுக்கொழுந்து?"

"ஒரு ஆள் கேட்டவர்."

"எல்லாரும் இப்பிடித்தான். இங்க வாறவன் முழுக்க 'நாப்பது தா, நாப்பது தா' எண்டு நிக்கிறான். தேப்பன்ர டீசல் எஞ்சினுக்கு நாப்பதாம் நம்பர் ஊத்தினவையாம், அதால இவருக்கும் நாப்பது வேணுமாம். பெரிய நம்பர் எண்டால் பெரிய பெலன் எண்டு நினைப்பு. இதென்ன சோதினை மார்க்ஸே? முபீனுக்கு நான் தந்தது பத்து டபிள்யூ முப்பது. முன்னால நிக்கிற பத்து, எஞ்சின் குளிர்ந்து கிடக்கேக்க ஒயில் எவ்வளவு கெதியா ஓடிப் போய்ச் சேரும் எண்டது. பின்னால நிக்கிற முப்பது, கொதிக்கேக்க எவ்வளவு தடிப்பா நிக்கும் எண்டது. எஞ்சினுக்கு எது எழுதிக் கிடக்கோ அதுதான் ஊத்தோணும். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

"டூ-ரியில நம்பர் இல்லையே."

"அது வேற சாமான். எரிஞ்சு போறதுக்கெண்டு செய்தது. வயித்துக்குள்ள வைச்சுக் கொதிக்கப் பண்ணினா தண்ணி மாதிரி ஆயிடும். இரும்புக்கு நடுவில நிக்காது."

"அப்ப ஸ்டார்ட் வராதுதானே அக்கா." இதைக் கேட்கும்போது தன் குரலில் கெஞ்சல் இருந்ததை நுஸ்ரியா கேட்டாள்.

"ஏன் வராது? வடிவா வரும். முந்தினதை விடச் சத்தம் குறைவா ஓடும். பாக்கிறவன் ஒயில் நல்ல ஒயில் எண்டுதான் சொல்லுவான். மெல்ல ஓடினா கொஞ்சம் தாங்கும். முழு வேகத்தில விட்டு ஓடினா, கொதிச்சு, கத்தி, பிறகு பிடிச்சுக்கொள்ளும். பிடிச்சால் பிடிச்சதுதான். நாலு பேர் நிண்டு கயித்தை இழுத்தாலும் அசையாது."

கடைக்குள் யாரோ விலை கேட்டார்கள். றொஷேல் பொறுக்கச் சொன்னாள்.

"நுஸ்ரியா. முபீன் எங்க?"

"கடலில."

"நான் நூல் கட்டித் தந்தனான்தானே? நாலு ஸ்ட்ரோக்குக்கு எப்பவும் சிவப்பு நூல் கட்டித்தான் குடுக்கிறனான்."

"ஓம் அக்கா. கட்டியிருந்தது."

"பிறகென்னெண்டு... இப்ப என்னத்துக்கு என்னோட கதைச்சுக்கொண்டு நிக்கிறாய்? ஓடிப்போய் வஸீரிட்டச் சொல்லு. ஓடு பிள்ளை."

வஸீர் முபீனின் தமையன். கடற்கரையில் அவனுக்கும் ஒரு போட் இருந்தது. நுஸ்ரியா பர்தாவை இழுத்துப் போட்டுக்கொண்டு இறங்கினாள். வீட்டிலிருந்து கடற்கரை தூரமில்லை. ஆனால் அந்த மணல் பாதையில், யாரிடமும் சொல்லாததைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள அவளுக்கு நேரம் போதுமாக இருந்தது.

கை தவறி எடுக்கவில்லை. அதுதான் உண்மை. வியாழக்கிழமை முபீன் சாப்பிட்டுக்கொண்டு சொன்னான், பதினைந்து குதிரை இருக்கேக்க கரையோரம் சூடை மீன் பொறுக்கிக்கொண்டு இருக்க மாட்டன், பெரிய பாருக்கு அங்கால போவன் என்று. பெரிய பார் என்பது முந்தி முத்துக் குளித்த கடலடித் திட்டு. அதற்கு அங்கால ஆழம், அங்கால இழுவை வலை போடுகிற றோலர் படகுகள், அங்கால எல்லை. வேண்டாம் என்றாள். "நீ புத்தளத்து உப்பு வாய்க்கால்காரி, உனக்குக் கடல் என்ன தெரியும்" என்று சிரித்தான். அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் திருப்பிச் சொல்லியிருப்பாள். சிரித்ததால் அது உள்ளே போய்த் தங்கிவிட்டது.

நேற்று இரண்டு போத்தலும் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. கை சிவப்பு நூலைத் தொட்டது. தொட்டு, நின்று, மற்றதை எடுத்தது. அந்த நேரம் அவள் மனதில் கெட்டது ஒன்றும் இருக்கவில்லை, ஒரு காட்சிதான் இருந்தது: காலையில் எஞ்சின் கரையில் இருமிக்கொண்டு நிற்கிறது, முபீன் திட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறான், குடிக்கப் பிளேன்ரீ கேட்கிறான். ஒயில் மாறினால் எஞ்சின் ஓடாது. பழைய எஞ்சினிடம் அவள் படித்த படிப்பு அதுதான். ஒரு நாள், இரண்டு நாள் தள்ளிப்போகும். அதற்குள் வாடைக் காற்று பலக்கும், பெரிய பார் கதை மறந்துபோகும்.

ஆனால் விடிய, பாயில் படுத்துக்கொண்டே அவள் கடற்கரைப் பக்கம் காது கொடுத்தபோது, எஞ்சின் ஒரு இழுவையில் ஓடியது. இருமவில்லை. பூனைக்குட்டி உறுமுவதுபோல் ஓடிப் போய்க்கொண்டேயிருந்தது. அப்போது எழும்பி ஓடியிருக்கலாம். கரையில் நின்று கத்தியிருந்தால் கேட்டிருக்கும். அப்படியானால் ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டு போர்வையை இழுத்துப் போர்த்தினாள். இழுத்துப் போர்த்தியதை நினைத்ததும் இப்போது அவள் மணலில் ஓடத் தொடங்கினாள்.

வஸீர் பூவரசு நிழலில் இருந்து கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தான். பக்கத்தில் சாஹுல் ஹமீட், அவன் கூட்டாளி, வெற்றிலை மென்றுகொண்டிருந்தான்.

"இதென்ன, மச்சி கடற்கரைக்கு வாறா" என்றான் வஸீர். "இண்டைக்கு மழைதான்."

"மச்சான், அவர் எந்தப் பக்கம் போனவர்?"

"பாருக்கு. புது மாப்பிள்ளை மாதிரியெல்லோ போனவன். ஏன்?"

"அந்த எஞ்சினுக்கு ஒயில் மாறிப்போச்சு. நூல் கட்டின போத்தல் வீட்டில நிக்குது. உள்ளுக்குப் போனது டூ-ரி."

வஸீரின் கையில் ஊசி நின்றது. அவன் சாஹுல் ஹமீடைப் பார்த்தான். சாஹுல் ஹமீட் வெற்றிலையைத் துப்பினான்.

"ஆரு மாத்தினது?" என்றான் வஸீர். "அந்த அரிப்புக்காரியா? கண்ட கண்ட போத்தலில ஊத்திக் குடுக்கிறவ. நான் அப்பவே சொன்னனான்."

நுஸ்ரியா வாயைத் திறந்தாள். இல்லை என்ற சொல் நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும், அதற்குப் பதில் சொன்னால் அதற்கடுத்தது வரும். அவர்கள் இப்போது கேள்வி கேட்கக் கூடாது, போக வேண்டும். அப்படித்தான் தனக்குச் சொன்னாள். "கெதியாப் போங்கோ மச்சான்" என்றாள்.

அவர்கள் போட்டைத் தள்ளினார்கள். வஸீரின் எஞ்சின் பழைய வகை, நீலப் புகையைக் கரையெல்லாம் விட்டுக்கொண்டு போனது. அந்த மணம் படாமல் அவள் கையால் மூக்கைப் பொத்தினாள்.

கடல் அமைதியாகக் கிடந்தது. அதுதான் வாடைக்காலத்து மோசம். காற்றுத் தரையிலிருந்து கிளம்புவதால் கரையோரம் ஒரு நுரைகூட இருக்காது, பார்க்கிறவனுக்குக் குளம் மாதிரி இருக்கும். ஆனால் அவள் பர்தாவின் நுனி கடல் பக்கமே பறந்துகொண்டிருந்தது. எஞ்சின் நின்ற போட்டும் அந்தப் பக்கம்தான் போகும். கரைக்கு வராது. தெற்கு மேற்காக, ஒன்றுமேயில்லாத பக்கமாக, மெதுவாக, அவசரப்படாமல் போகும். அவள் பர்தாவை இறுக்கிப் பிடித்தாள். பறக்காமல் பிடித்தால் காற்று நின்றுவிடும் என்பதுபோல்.

துஆக் கேட்க முயன்றாள். அதுவும் சரியாக வரவில்லை. யா அல்லாஹ், அவரைக் கொண்டுவந்து தா என்று தொடங்கினால், நடுவில் உள்ளுக்குள் யாரோ அவளைக் கேட்டார்கள்: போகாமல் நிற்க வேணும் என்று நீதானே கேட்டாய்? அவள் வேறு மாதிரித் தொடங்கினாள். எஞ்சின் போகட்டும், ஆள் வரட்டும். இப்படிப் பிரித்துக் கேட்பது பேரம் பேசுவதுபோல் இருந்தது. அதையும் விட்டாள். முபீன் மெல்ல ஓடியிருப்பான் என்று நினைத்துப் பார்த்தாள். முபீனுக்கு மெல்ல ஓடத் தெரியாது. புது எஞ்சினை முழுக்கத் திருகிவிட்டு, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிற முகம்தான் வந்தது. அந்த முகத்துக்குக் கீழே, இரும்புகளுக்கு நடுவே, நீல ஒயில் தண்ணியாகிக்கொண்டிருந்தது. அவள் ஊற்றியது. ஒரு சொட்டும் சிந்தாமல், புனல் வைத்து, கோடு வரைக்கும்.

அவன் இப்போது என்ன செய்துகொண்டிருப்பான்? கயிற்றை இழுத்துக்கொண்டிருப்பான். அசையாத கயிறு. கை தோலுரியும். பிறகு மூடியைக் கழற்றிக் குச்சியை இழுத்துப் பார்ப்பான். நீலத்தைப் பார்ப்பான். கரை தெரியாத இடத்தில் அதைப் பார்த்துக்கொண்டு இருப்பான்.

அவள் மணலில் இருந்துவிட்டாள். லுஹர் பாங்கு சொன்னார்கள். தொழுகை முடிந்து ஆட்கள் வந்து நின்றார்கள். நேவிக்குச் சொல்லவேண்டும் என்று ஒருவர் சொன்னார், வஸீர் போயிருக்கிறான் பொறுப்போம் என்று இன்னொருவர் சொன்னார். "பயப்படாதீங்கோ பிள்ளை" என்று யாரோ ஒரு கிழவர் சொன்னார். அவர்கள் காட்டிய இரக்கம் ஒவ்வொன்றும் அவள் எடுத்துவிட்ட வேறு யாருடையதோ சாமான்போல் இருந்தது.

வெயில் சாய்ந்த பிறகு முதலில் புகை தெரிந்தது. பிறகு ஒரு போட். அதன் பின்னால் கயிறு போகிறதா இல்லையா என்று அவளால் பார்க்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். "ரெண்டு" என்றது ஒரு குரல். "ரெண்டு போட். பின்னால உள்ளதில ஆள் நிக்கிறான்."

முபீன் நின்றுகொண்டுதான் வந்தான். கரையில் இறங்கியபோது தண்ணீருக்குள் ஒருமுறை விழுந்து எழும்பினான். உள்ளங்கை இரண்டும் கிழிந்திருந்தது. எஞ்சின் நின்ற உடனே நங்கூரத்தைப் போட்டானாம், தரை தட்டவில்லை. வலையிலிருந்த கயிறெல்லாம் வெட்டி முடிந்து நீட்டி, பாரின் கடைசி ஓரத்தில் ஒரு கல்லில் பிடித்ததாம். "இன்னும் கொஞ்சம் இழுபட்டிருந்தா" என்று தொடங்கிய சாஹுல் ஹமீட் கயிற்றைச் சுருட்டப் போனான்.

"நாளைக்கு அரிப்புக்குப் போறன்" என்று வஸீர் கத்தினான். "அவளின்ர கடைய இழுத்து மூடுறன். மனுசனைக் கொல்லப் பாத்திருக்கிறாள். ஆரு வாறியள் என்னோட?"

இரண்டு மூன்று பேர் வருவதாகச் சொன்னார்கள். முபீன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். றொஷேலின் கடை வாசலில் இவர்கள் போய் நிற்பது நுஸ்ரியாவுக்கு இப்போதே கண்ணில் தெரிந்தது. றொஷேல் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, நூல் கட்டித்தான் குடுத்தனான் என்று சொல்வதும், இவர்கள் நம்பாததும்.

"அவ சரியாத்தான் தந்தவ" என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. திரும்பச் சொன்னாள். "மச்சான், றொஷேலக்கா சரியாத்தான் தந்தவ. நூல் கட்டியிருந்தது. ஊத்தினது நான்."

வஸீர் அவளைப் பார்த்தான். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். பயம் இறங்கியவனின் சிரிப்பு. "பொம்பிளையளிட்ட எஞ்சினைக் குடுத்தா இதுதான். இனி ரொட்டிக்கும் டூ-ரி ஊத்திச் சுடுவா, பாத்துச் சாப்பிடு தம்பி." கரையில் எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது, அதுவும் இவ்வளவு மலிவாக. முபீன் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணைக் கட்டிவிட்டாலும் நுஸ்ரியா மணத்தில் ஒயிலைச் சொல்லுவாள் என்று இதே கரையில் நின்று பெருமை பேசியவன் அவன்தான்.

வீட்டில் அவன் கிணற்றடியில் உப்புப் போகக் குளித்தான். கிழிந்த உள்ளங்கைகளுக்கு அவள் மருந்து போட்டுத் துணி சுற்றினாள்.

"எஞ்சின் கத்தேக்க திரும்பிப் பாத்தன்" என்றான் அவன். "கரை தெரியேல்ல. எனக்குக் கடலில ஒருநாளும் அப்பிடி வந்ததில்ல, நுஸ்ரியா. மூத்திரம் போயிட்டுது."

அவள் துணியின் நுனியைக் கிழித்து முடிச்சுப் போட்டாள்.

"நிறம் தெரியேல்லையா உனக்கு?"

தெரியவில்லை என்று சொல்லலாம். பத்திக்குள் இருட்டு என்று சொல்லலாம். அவன் நம்ப ஆசைப்படுகிறான் என்பது அவன் கேட்ட விதத்திலேயே இருந்தது. ஊரே சிரித்து முடித்த கதை அது, இன்னும் ஒரு தரம் சொன்னால் போதும். ஆனால் இந்தப் பொய்யோடு அவன் ஒவ்வொரு விடியலும் கடலுக்குப் போவதைப் பாயில் படுத்துக் கேட்க வேண்டும். அதை நினைக்க, உண்மையைச் சொல்வதைவிட அதுதான் கூடப் பயமாயிருந்தது.

"தெரியும்" என்றாள். "ஸ்டார்ட் வராது எண்டு நினைச்சனான். நீங்க போகாம நிப்பீங்க எண்டு."

முபீன் கைகளை இழுத்துக்கொண்டான். கோபப்படுவான் என்று காத்திருந்தாள். கோபம் வந்தால் அதற்கு ஒரு முடிவு இருக்கும். அவன் எழும்பிப் போய்க் கதிரையில் இருந்தான்.

அவள் அடுப்பை மூட்டித் தண்ணீர் வைத்தாள். சீனி போட்டு, இஞ்சி தட்டிப் போட்டு, அவன் குடிக்கிற கடும் சாயத்தில் பிளேன்ரீ ஊற்றிக் கொண்டுபோய் நீட்டினாள். சுற்றிய கையால் அவன் கோப்பையை வாங்கினான். வாய்க்குக் கொண்டு போனவன் நிறுத்தி, ஒரு கணம், வெளிச்சம் படக் கோப்பையைச் சரித்து உள்ளே நிறத்தைப் பார்த்தான். பார்த்தது தனக்கே தெரியாதவன்போல், பிறகு கடகடவென்று முழுவதையும் குடித்தான்.